பிடி என்று எழுதிய சுவிட்ச்

மருந்துக்கடைக்காரருக்கு அந்தக் குடியிருப்பில் டோஸ்காரர் என்று பெயர். மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போதே கூடச் சேர்த்து ஒரு டோஸ் விடுவார் என்பதால் வந்த பெயர். "காய்ச்சல் வந்து இத்தனை நாளாச்சு, இப்பத்தான் வர்றீங்களா? உடம்புன்னா அவ்ளோ இளக்காரமா?" என்று ஆரம்பித்தாரானால் கேட்டு முடிப்பதற்குள் பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை, உள்ளூர அதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையே அவரிடம் நீட்டி, "இதைப் போடலாமாண்ணா?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். வேறு கடையில் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற பொருளைப் பெண்கள் அவரிடம் தயங்காமல் கேட்பார்கள். அவரும் தலை நிமிராமல் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஐம்பது வயதில் டிரோன் கிறுக்குப் பிடித்தது. நாலு விசிறி வைத்து மேலே கிளம்பும் அந்தச் சாமானைக் கடையில் வாங்கிப் பறக்கவிட்டிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. நானே செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சாப்பாட்டு மேசையில் பாதியை மோட்டாரும் ஒயரும் எடுத்துக்கொண்டன. மிச்சப் பாதியில் அவரும் மனைவியும் மைத்துனனும் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி திடீரென்று ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டது. இறக்கினது இறக்கினதுதான். அதற்கப்புறம் அங்கே இங்கே அலைந்தும் ஒன்றும் அமையவில்லை. அவன் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு மகளோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. "வேலைன்னு ஒண்ணு கிடைக்கட்டும், மறுநாளே பெட்டியத் தூக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அப்படி வந்த இடத்தில்தான் அவனுக்கு ஒரு வழி பிறந்தது. குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும் வேனுக்கு டிரைவர் தேவைப்பட்டது. பழையவருக்குக் கண் மங்கிவிட்டது. சங்கத்துச் செயலாளர் மைத்துனனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தார். "பிரேக் போட்டதே தெரியலீங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த கூட்டத்தில் பேருக்கு ஒரு ஒப்புதல், அவ்வளவுதான் பாக்கி. மைத்துனன் அன்றைக்கே மனைவிக்குப் போன் போட்டுவிட்டான். மகள் போனைப் பிடுங்கி, "அப்பா, நானும் அந்த வேன்லயே ஸ்கூலுக்குப் போகலாமா?" என்று கேட்டாளாம். அதை அவன் வீட்டில் எல்லோரிடமும் சொன்னான். சொன்னவர்களிடமே திரும்பவும் சொன்னான்.

அதுவரைக்கும் அவன் சும்மா இருக்க வேண்டாம் என்று டோஸ்காரர் அவனை டிரோனுக்கு எடுபிடியாக வைத்துக்கொண்டார். பிடித்துக்கொள் என்றால் பிடித்துக்கொள்வான், ஊது என்றால் ஊதுவான். வாய் மட்டும் அடங்காது. "அத்தான், பஸ்ஸுல இவ்ளோ ஒயர் இல்ல. அது ஐம்பது பேரைத் தூக்கிட்டுப் போச்சு. இது தன்னையே தூக்க மாட்டேங்குதே" என்பான். அவர் சிரிக்காமல் இருக்கப் பார்ப்பார். முடியாது. உண்மையைச் சொன்னால் அந்த மேசையில் இரண்டு பேரும் கழித்த சாயங்காலங்கள் அவருக்கு மிகவும் பிடித்திருந்தன.

டிரோன் கடைசியில் தன்னைத் தூக்கிக்கொண்டது. தூக்கிக்கொண்ட பின்தான் தலைவலி. கையை எடுத்தால் ஒரு இடத்தில் நிற்காது. மேலே போகும், கீழே வரும், காற்று அடித்த பக்கம் நழுவும். விட்ட இடத்தில், விட்ட உயரத்தில், ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடையில் வாங்கியதெல்லாம் நிற்கிறதே, தான் செய்தது மட்டும் ஏன் நிற்காது?

உயரம் முதலில் வசப்பட்டது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்குப் போடும் ஒரு சில்லு அதற்குள் இருக்கிறது. சொந்த விசிறிக் காற்று பட்டாலே அது ஏமாந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் வைத்தார், சரியாகிவிட்டது. "நல்லது. இனிமே பாத்திரத்தையும் அதையே தேய்க்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

இடம்தான் படுத்தியது. அதற்கு ஜிபிஎஸ் வாங்கிப் பொருத்தினார். சட்டைப் பொத்தானைப் பெரிதாக்கின மாதிரி கறுப்பாய், வட்டமாய் ஒரு வில்லை. மற்ற ஒயர்கள் அதைக் குழப்பக் கூடாது என்பதால் ஒரு கம்பி நட்டு அதன் உச்சியில் உட்கார வைக்க வேண்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டு அது செயற்கைக்கோள்களைத் தேடும். திசைகாட்டியும் அதற்குள்ளேயே. தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று இரண்டும் தெரிந்தால்தான் டிரோனால் நழுவிய தூரத்தைத் திரும்பி வர முடியும். திசை தப்பாகத் தெரிந்தால் திரும்புவதாக நினைத்துக்கொண்டு வட்டம் போடும். கேமரா கீமரா என்று ஒன்றும் அதில் கிடையாது. நிற்கவே தெரியாததற்குக் கண் எதற்கு என்று அவர் அதை வாங்கவில்லை.

ரிமோட்டில் ஒரு சுவிட்ச், மூன்று நிலை. இரண்டு பேரும் சேர்ந்து அதற்குத் தமிழில் பெயர் வைத்து, சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். எல்லாவற்றையும் கையாலேயே ஓட்டுவதற்கு 'சும்மா'. உயரத்தை மட்டும் அதுவே பார்த்துக்கொள்வதற்கு 'உயரம்'. உயரத்தையும் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு 'பிடி'. மைத்துனனின் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும் என்பதால் டோஸ்காரரே எழுதினார்.

முதல் சோதனையை மைதானத்தில்தான் செய்தார்கள். திசைகாட்டியை அங்கேயே சுற்றிச் சுற்றிக் காட்டிச் சரிசெய்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மேலே எழும்பின நிமிஷத்தில் விசிறி ஒன்று கழன்று டிரோன் தலைகுப்புற விழுந்தது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த கும்பல் சிரித்தது. "அண்ணே, அதுக்கு ஏதாவது மாத்திரை குடுங்க!" என்று ஒருவன் கத்தினான். கடைக்கு வந்தால் அவரிடம் கைகட்டி நிற்கிற பயல்தான். டோஸ்காரருக்கு முகமெல்லாம் எரிந்தது. அடுத்த தடவை மொட்டைமாடியில்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

மொட்டைமாடி கூடாது என்று அவருக்குத் தெரியும். ஜிபிஎஸ்ஸோடு வந்த குறிப்பில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: திறந்த வெளி வேண்டும், பக்கத்தில் இரும்பு கூடாது. மாடியிலோ இரும்புச் சட்டத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி, இரும்புக் குழாய், இரும்பு ஏணி. அது போதாதென்று எதிரே பி பிளாக். அதற்கு இவர்கள் பிளாக்கைவிட ஒரு மாடி அதிகம். ஆகவே இவர்கள் மொட்டைமாடியில் நின்றால் அந்த மேல் மாடி நேருக்கு நேர்.

"எதிர்க்க வீடுங்க இருக்கு அத்தான். மைதானத்துக்கே போயிடலாம்" என்றான் மைத்துனன்.

"நாலு பேர் நின்னு சிரிக்கறதுக்கா? பேசாம வா மாப்ள."

காலை வெயில் ஏறியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். டிரோன் சத்தத்தோடு எழும்பியது. 'உயரம்' போட்டார், நின்றது. 'பிடி' போட்டார். செக்குமாடு போல வட்டம் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. தொட்டி இரும்பு திசைகாட்டியைக் குழப்புகிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கையால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று மறுபடி 'உயரம்' போட்டார். அதற்குள் அதன் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அவருக்கே புரியாமல் போயிற்று. இழுத்தார், எதிர்ப்பக்கம் போனது. காற்றும் சேர்ந்துகொண்டது. தொட்டிக்குப் பின்னால் மறைந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, இரண்டு பிளாக்குக்கும் நடுவில் போய்விட்டது.

லேப்டாப் கைப்பிடிச் சுவர் மேல் இருந்தது. டிரோன் எங்கே என்று அதில் ஒரு புள்ளி காட்டும். ரிமோட்டை மைத்துனன் கையில் திணித்துவிட்டு அவர் ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார்.

"பிடி! மாப்ள, பிடி! பிடி!"

ரிமோட்டை விடாமல் பிடித்துக்கொள் என்பதுதான் அவர் சொன்னது. மைத்துனன் குனிந்து பார்த்தான். 'பிடி' என்று அத்தான் கையெழுத்தில் அச்சுப்போல எழுதியிருந்தது. தட்டினான்.

டிரோன் நின்றது. தொட்டி இரும்பைவிட்டு விலகிப் போயிருந்ததால் திசைகாட்டிக்கு இப்போது குழப்பம் இல்லை. இத்தனை நாள் போக்குக் காட்டியது, வெட்டவெளியில் அசையாமல் நின்றது. லேப்டாப் திரையில் அந்தப் புள்ளி இம்மி நகரவில்லை. டோஸ்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"நிக்குது மாப்ள! நிக்குது!" என்று அந்த இரண்டு பிளாக்குக்கும் கேட்கும்படி கூவினார்.

அதற்குப் பதிலாக எதிரே ஒரு அலறல் வந்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். டிரோன் நின்றிருந்த இடம் பி பிளாக் மேல் மாடியில் தனியாக இருக்கும் நர்ஸின் குளியலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. எல்லோரும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எதிரே மொட்டைமாடிதானே, யார் வரப்போகிறார்கள் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.

ஜன்னல் வழியாக ஒரு குவளைத் தண்ணீர் பறந்து வந்து டிரோன் மேல் விழுந்தது. அது லேசாகச் சாய்ந்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. அடுத்து ஒரு துடைப்பக் கட்டை வெளியே நீண்டு அதை ஒரு தள்ளுத் தள்ளியது. தள்ளின தூரத்தை அளந்து வைத்ததுபோல அது திரும்பி வந்து ஜன்னலுக்கு நேராக நின்றது. அதன் வேலையே அதுதானே. ஆனால் கீழே கூடிவிட்டவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? விரட்ட விரட்ட வெட்கமில்லாமல் திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறது என்றுதான் தெரிந்தது. கடைசியில் குவளையே பறந்து வந்து விசிறியில் பட்டது. டிரோன் சுழன்றுகொண்டே கீழே விழுந்து நொறுங்கியது.

சற்று நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். செயலாளர் முன்னால், பின்னால் ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் கையில் உடைந்த டிரோன்.

"யாரு ஓட்டினது?"

கேட்டாரே தவிர, பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. ரிமோட் மைத்துனன் கையில் இருந்தது.

"கம்பி மேல கேமராவ நட்டு வச்சிருக்கான் பாரு" என்று ஒருத்தி ஜிபிஎஸ் வில்லையைக் காட்டினாள்.

"அது கேமரா இல்லீங்க, அது வானத்தைப் பாக்கறது" என்றான் மைத்துனன்.

"வானத்தையா பாத்துச்சு?" என்றார் கூட்டத்தில் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

மைத்துனன் திரும்பிப் பார்த்தான். "அத்தான், சொல்லுங்க அத்தான்."

சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான் இருந்தது. நான்தான் ஓட்டினேன், கை தவறிவிட்டது, அதில் கேமரா கிடையாது. டோஸ்காரர் சொன்னால் அந்தக் கூட்டம் நம்பியிருக்கும். அவர் பார்த்தார். செயலாளருக்குச் சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பவர் அவர். வில்லையைக் காட்டிய பெண்ணின் மகளுக்கு முந்தின வாரம்தான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார். இவர்கள் முகமெல்லாம் தன்னைப் பார்த்து மாறுவதை நினைத்தார்.

"நான்... நான் லேப்டாப்பைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம். மைத்துனன் அவரை ஒரு தரம் பார்த்தான். பிறகு ரிமோட்டைத் தரையில் வைத்தான். அதற்கப்புறம் யார் என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை.

போலீஸ் வேண்டாம் என்று செயலாளர் முடிவு செய்தார். டோஸ்காரர் முகத்துக்காகவாம். வேன் விஷயத்தை யாரும் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது? அந்த ஆளிடமா பிள்ளைகளை ஏற்றி அனுப்புவார்கள்? பிள்ளைகள் வேன் ஏறும் நேரத்தில் உங்கள் மைத்துனன் வாசல் பக்கம் வராமல் இருந்தால் நல்லது என்று மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார்கள். மைத்துனனின் மனைவி வீட்டுக்கும் விஷயம் எப்படியோ போய்விட்டது. அவள் போன் எடுப்பதை நிறுத்தினாள்.

வீட்டில் மைத்துனன் அக்காவிடம் ஒரே தடவை சொன்னான். "அத்தான் பிடின்னாரு. நான் 'பிடி'யப் போட்டேன். என் மேலயும்தான்க்கா தப்பு." அதைக் கேட்டுக்கொண்டிருந்த டோஸ்காரர் அந்தக் கடைசி வார்த்தையை இறுகப் பற்றிக்கொண்டார். சரிதானே, சுவிட்சைத் தட்டினது அவன்தானே என்று குளிக்கும்போது நினைத்தார், கடையைத் திறக்கும்போது நினைத்தார். ஓயாமல் நினைக்க வேண்டியிருந்தது. நினைப்பதை நிறுத்தினால் மொட்டைமாடியில் அவன் திரும்பிப் பார்த்த பார்வை வந்து நின்றது.

சிஸ்டர் கடைக்கு வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. தூக்கம் வரவில்லை, ஏதாவது கொடுங்கள் என்றாள். கடையில் வேறு யாரும் இல்லை. அவரிடம் என்பதால் மனம் விட்டுப் பேசினாள்.

"ஜன்னல்ல பேப்பர் ஒட்டிட்டேண்ணா. ஒட்டியும் லைட்டப் போட்டுக் குளிக்கப் பயமா இருக்கு. என்னத்தப் படம் புடிச்சு வச்சிருக்கானோ, யாருக்கு அனுப்பியிருக்கானோ. வார்டுல யாராவது போனப் பாத்துச் சிரிச்சா, என்னைத்தான் பாக்கறாங்களோன்னு தோணுது."

கேமரா இல்லை என்ற இரண்டு சொல் அவர் வாய்க்குள்ளேயே இருந்தது. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒன்றை இழுத்தால் எல்லாம் வந்துவிடும்.

"அதைவிட அந்தக் குரல்தாண்ணா" என்றாள் அவள். "'நிக்குது மாப்ள, நிக்குது'ன்னு அந்த விசிறி இரைச்சல்ல ஒருத்தன் சந்தோஷமா கத்தினான். கண்ண மூடினா அதான் காதுல கேக்குது."

டோஸ்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்தார். அப்போதாவது பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"கவலைப்படாதீங்க சிஸ்டர். நான் அவனக் கண்டிச்சு வச்சிருக்கேன்."

சிஸ்டரின் கண் கலங்கிவிட்டது. "நீங்க இருக்கீங்கன்னுதாண்ணா நான் தைரியமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் டோஸ்காரர் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வாடிக்கையாளர் வந்து கூப்பிட்டும் வெளியே வரவில்லை. தன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே என்று அவருக்கு உடம்பு கூசியது. சுவிட்சைத் தட்டினது அவன்தானே என்ற சமாதானம் அதன்பிறகு ஒரு வேளைகூட வேலை செய்யவில்லை.

மைத்துனன் பெட்டி கட்ட ஆரம்பித்ததைப் பார்த்த அன்றுதான் சங்கக் கூட்டம். யாரோ சிநேகிதன் தூரத்தில் லாரி ஓட்டக் கூப்பிட்டிருக்கிறானாம். போனால் வருஷம் திரும்புமோ என்னவோ. மனைவி சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டோஸ்காரரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "கூட்டத்துல சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

கூட்டத்தில் பி பிளாக் லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றி வெகுநேரம் அடித்துக்கொண்டார்கள். ஓய்ந்ததும் அவர் எழுந்தார். வரும் வழியெல்லாம் வேறு வார்த்தையைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எழுந்து நின்றதும் வாய் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தது.

"அன்னைக்கு மாடியில நடந்ததுக்கு முழுப் பொறுப்பு நான்தான். என் மச்சான் மேல பழி போட வேண்டாம். தப்பு என்னோடது."

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. வீட்டுல ஒருத்தன் தப்புப் பண்ணினா தலையக் கொடுக்கறதுக்கு எத்தனை பேர் வருவாங்க? உங்க பெருந்தன்மைய நாங்க மதிக்கறோம். ஆனா பிள்ளைங்க விஷயம். வேன் விஷயத்துல நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இல்லை, உண்மையிலேயே நான்தான் என்று அவர் மறுபடி சொல்ல வேண்டியது அப்போதுதான். உட்கார்ந்துவிட்டார். கொடுத்த டீயைக் குடித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கால் வலிக்கு என்ன தடவலாம் என்று கேட்டதற்குப் பதில்கூடச் சொன்னார். மனசுக்குள் ஏதோ பாரம் இறங்கினதுபோல இருந்தது. படியேறி வரும்போதுதான் அது என்ன பாரம் என்று உறைத்தது. தன்னை அவர்கள் நம்பாமல் விட்டதில் வந்த நிம்மதி.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"முழுப் பொறுப்பு நான்தான்னு சொன்னேன். யாரும் நம்பல."

"ஓட்டினது நான்னு சொன்னீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பொறுப்பு நான்னு மந்திரிகூடத்தான் சொல்றாரு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நம்பற மாதிரி சொல்லியிருக்கலாமில்ல?"

அறைக்குள்ளிருந்து மைத்துனன், "விடுக்கா. அத்தான்தான் போய்ச் சொல்லிட்டாருல்ல" என்றான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் நிஜமாகவே சொன்னான்.

டோஸ்காரர் போட்டிருந்த செருப்போடு திரும்பினார். பி பிளாக்கில் அத்தனை மாடியும் படியேறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. மணியை அடித்தார். சிஸ்டர் சீருடையில் இருந்தாள், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்கண்ணா, உள்ள வாங்க. என்னண்ணா இவ்ளோ தூரம் ஏறி வந்துட்டீங்க? லிஃப்ட்கூட இல்லையே."

"சிஸ்டர், அன்னைக்கு ஓட்டினது நான். மச்சான் இல்ல."

அவள் சிரித்தாள். அன்பான சிரிப்பு. "கூட்டத்துல சொன்னீங்களாமே. கீழ் வீட்டு அக்கா இப்பத்தான் போன் பண்ணினாங்க. உங்கள மாதிரி ஒருத்தர்..."

"சிஸ்டர், அந்தக் குரல் என்னோடது."

சிரிப்பு அப்படியே நின்றது.

"'நிக்குது மாப்ள'ன்னு கத்தினது நான். அவன் என்னை அத்தான்னுதான் கூப்பிடுவான். மாப்ளன்னு கூப்பிடறது நான். இருந்தது நாங்க ரெண்டே பேரு. தாறுமாறாப் போனதும் ரிமோட்ட அவன் கையில தள்ளிட்டு ஓடினேன். அதுல கேமரா இல்ல சிஸ்டர். ஒரு படமும் இல்ல, யாருக்கும் ஒண்ணும் போகல. அத உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கு அசிங்கமா இருந்துச்சு, அதனால சொல்லல."

அவள் நம்பினாள். எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்பிவிட்டாள் என்பது அவருக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. அகலத் திறந்திருந்த கதவு அவளையறியாமல் பாதியாயிற்று. சீருடையின் கழுத்துப் பொத்தானை ஒரு கை போய்ச் சரிபார்த்தது.

"கடைக்கு வந்து உங்ககிட்டதான நான் அழுதேன்" என்றாள் மெதுவாக. "நான் பேசப் பேசக் கேட்டுக்கிட்டே நின்னீங்களே. அவனக் கண்டிச்சு வச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

"ஆமா" என்றார்.

அவள் ஏதோ பெரிதாகத் திட்டுவாள் என்று நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊருக்கே டோஸ் விடுகிறவருக்கு ஒரு டோஸ் கிடைத்திருந்தால் அதைச் சுமந்துகொண்டு போயிருப்பார். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"வேன் வேலை விஷயமா செயலாளர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க போங்க, சார்."

இத்தனை வருஷத்தில் அவள் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மேல் தாழ் விழுந்தது, பிறகு கீழ்த் தாழ். டோஸ்காரர் போகவில்லை. உள்ளே அவள் போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்க, அவரேதான் வந்து சொன்னார்... இல்லீங்க, மச்சானக் காப்பாத்த இல்ல, நிஜமாவே அவர்தான்... இல்லீங்க, பெருந்தன்மையெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டு, பிறகுதான் படியிறங்கினார்.